இரண்டு பேருக்கும் முதலிடம்

எங்கள் சனத்துக்கு ஏலாது என்று சொல்ல வாய் வராது. கலியாணத்துக்குக் கூப்பிட்டால் வாறன் என்பார்கள். அதே நாள், அதே நேரம் இன்னொருவர் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டாலும் வாறன் என்பார்கள். பிறகு ஒரு வீட்டில் தலையைக் காட்டி, மற்ற வீட்டில் சாப்பிட்டு, இரண்டு வீட்டிலும் பேச்சு வாங்குவார்கள். இருபத்திரண்டு வருஷமாகச் சிட்னியில் இருந்து இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவன் நான். அப்படிப்பட்ட எனக்கு, என் மனைவி கவுன்சில் தேர்தலில் நின்றபோது மட்டும் இது ஏன் நினைவுக்கு வரவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை.

கமலினி அரசியல்காரி இல்லை. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்தவர்களைப் பார்க்கும் வார்டில் நேர்ஸ். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை ரஞ்சினி அன்ரியை அந்த வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். மில்லர் ரோட்டில் பஸ்ஸால் இறங்கி, எதிரே இருக்கும் மண்டபத்தில் நடக்கிற முதியோர் ஒன்றுகூடலுக்குப் போக ரோட்டைக் கடந்தபோது வான் ஒன்று தட்டிவிட்டது. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அன்ரி பிழைத்தார். இப்போது வோக்கரைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார். ஆனால் இன்றைக்கும் வியாழனுக்கு வியாழன் அதே இடத்தில்தான் ரோட்டைக் கடக்கிறார். சிக்னல் விளக்கு உள்ள சந்தி அங்கிருந்து நானூறு மீற்றர் தள்ளி. வோக்கரோடு அதுவரை போய்த் திரும்பி வருவதற்குள் மண்டபத்தில் தேத்தண்ணிக் கோப்பையைக்கூடக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள்.

அந்த இடத்தில் ஒரு கடவை போடச் சொல்லிக் கமலினி கவுன்சிலுக்குப் பதினொரு கடிதம் எழுதினாள். அவள் கேட்டது ரோட்டுக்குக் குறுக்கே கொஞ்சம் வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். பதினோராவது கடிதத்துக்குப் பதில் வந்தது. அந்த இடத்தில் ஒரு மணித்தியாலத்தில் ரோட்டைக் கடப்பவர்களின் எண்ணிக்கை போதாதாம்.

"பயத்தில கடக்காமல் நிக்கிற ஆக்களை ஆர் எண்ணினது?" என்று குசினிக்குள் நின்று கத்தினாள். கவுன்சில் அங்கே இல்லாததால் நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னட்டக் கத்தி என்ன பிரயோசனம்? நான் என்ன கவுன்சிலரே?" என்றேன்.

அவள் கடிதத்தை மடித்து மேசையில் வைத்தாள். "அப்ப நான் நிக்கிறன்" என்றாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

எங்கள் வட்டாரத்துக்கு மூன்று கவுன்சிலர்கள். இரண்டு இடம் பெரிய கட்சிகளுக்கு என்று முன்கூட்டியே எழுதி வைத்த மாதிரி. மூன்றாவது இடம்தான் சுயேச்சைகளுக்கு ஒரு வாய்ப்பு. அதற்கு வீடு விற்கும் புரோக்கர் ஒருவர் ஏற்கெனவே தன் படத்தை வேலிக்கு வேலி கட்டியிருந்தார். கமலினி எனக்கு ஒரு கைநூலைத் தந்தாள். வாக்கு எப்படிப் போடுவது, எப்படி எண்ணுவது, எது செல்லும், எது செல்லாது என்று எல்லாம் அதில் இருந்தது.

"இதை ஒருக்கா வாசியுங்கோ. வீடு வீடாப் போய்ச் சொல்லப்போறது நீங்கள்தானே."

எனக்குச் சுள்ளென்று வந்தது. நான் யாழ்ப்பாணத்து அரச அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து இரண்டு தேர்தல்களில் கடமை பார்த்தவன். வாக்குப் பெட்டிக்கு அரக்கு வைத்தவன். எனக்கே தேர்தல் சொல்லித் தருவதா? கைநூல் என் காரின் பின் சீற்றில் கிடந்து, தேர்தல் முடியும்வரை சூப்பர்மார்க்கெட் பைகளுக்குக் கீழே நசிபட்டது.

பத்து நாள் கழித்து நாகராஜன் நிற்கிறார் என்று செய்தி வந்தது. தமிழ்நாட்டுக்காரர், ஐ.டி. வேலை, சனிக்கிழமைகளில் எல்லாருடைய பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கிரிக்கெட் பழக்குகிறவர். மைதானத்துக்குக் கழிப்பறை கட்டித்தர வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. ஆளைத் திட்டலாம் என்றால் ஒரு குறை கிடையாது. அதுவே எனக்குப் பெரிய எரிச்சல். செய்தி வந்த அன்று மாலையே பழப் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. மேடம் நிக்கிறது தெரியாமலே மனு குடுத்துட்டேன். இனி வாபஸ் வாங்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க" என்றார்.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். கமலினி அவரைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, அரைமணித்தியாலத்தில் விஷயத்தை முடித்துவிட்டாள். இங்கே வாக்குச்சீட்டில் விருப்ப வரிசைப்படி 1, 2 என்று இலக்கம் போட வேண்டும்; எப்படிப் போடுவது என்று வேட்பாளர்கள் சனத்துக்கு அட்டை கொடுப்பார்கள். அவளுடைய அட்டையில் கமலினிக்கு 1, நாகராஜனுக்கு 2. அவருடைய அட்டையில் நாகராஜனுக்கு 1, கமலினிக்கு 2. இரண்டு பேரில் குறைய எடுத்தவர் எண்ணிக்கையில் வெளியே போனதும் அவருடைய வாக்குகள் மற்றவருக்கு வந்து சேரும். ஒரு வாக்கும் வீணாகாது. எனக்கும் விளங்கியது மாதிரித்தான் இருந்தது, தலையை ஆட்டினேன்.

பிறகு தொடங்கியது என் கஷ்டகாலம். செவன் ஹில்ஸில் எனக்கு வெயார்ஹவுஸ் வேலை. மூன்று மணிக்கு முடித்து நேரே வீடு வீடாகப் போவேன். போன வீட்டில் எல்லாம் இருத்தி, ரோல்ஸும் தேத்தண்ணியும் தந்து, "கமலினிக்குப் போடாமல் வேற ஆருக்குப் போடப்போறம்?" என்பார்கள். நான் அட்டையை நீட்டுவேன். அட்டையைப் பார்த்ததும் முகம் மாறும்.

"இதில நாகராஜனுக்கு ரெண்டு எண்டு கிடக்கே" என்று முதலில் சொன்னவர் யோகேஸ்வரன். பென்டில் ஹில்லில் மளிகைக்கடை வைத்திருப்பவர்.

"ஓம். கமலினிக்கு ஒண்டு, அவருக்கு ரெண்டு. அவரும் ஒத்துக்கொண்டதுதான்."

"அவர் ஒத்துக்கொள்ளலாம். நான் எப்பிடி அவரை ரெண்டாவதாப் போடுறது? என்ர மகனுக்கு ரெண்டு வருஷம் கிரிக்கெட் சொல்லிக்குடுத்த மனுசன். போன கிழமை கடையில வந்து கேட்டவர். உங்களுக்குத்தான் முதல் வாக்கு எண்டு சொல்லிப்போட்டன்."

"அப்ப அவருக்கு ஒண்டைப் போட்டு எங்களுக்கு ரெண்டைப் போடுங்கோ."

"ஐயோ, கமலினியை எப்பிடி ரெண்டாவதாப் போடுறது? என்ர மனுசி ஆஸ்பத்திரியில கிடக்கேக்க அவதானே பாத்தவ."

இப்படியே நாற்பது நிமிஷம். ரகசிய வாக்கு, யாருக்கும் தெரியாது என்றேன். "எனக்குத் தெரியுமே" என்றார். அன்றைக்குப் போன மூன்று வீட்டிலும் இதே கதை. அடுத்த நாளும் இதே கதை. கலியாண அழைப்பிதழில் யாருடைய பெயரை முதலில் அடிப்பது என்று இரண்டு மாதம் மண்டையை உடைக்கிற சனம் இது. ஒருவரை இரண்டாவதாக எழுதக் கை வராது. எனக்கு வேலை முடிந்த அலுப்பு, ரோல்ஸ் தின்று நெஞ்செரிவு, வீட்டுக்குப் போனால் கமலினியின் கேள்வி.

ஐந்தாம் நாள் ரஞ்சினி அன்ரி வீடு. இவருக்காகத்தான் இந்தத் தேர்தலே. இங்கேயாவது ஐந்து நிமிஷத்தில் முடியும் என்று போனேன். அன்ரி அட்டையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, நாகராஜன் எங்கட வீட்டுப் புல்லு வெட்டித் தாறவர். நான் ஆஸ்பத்திரியால வந்த நாள் தொடக்கம். காசு வாங்கமாட்டார். அவரை எப்பிடித் தம்பி கீழ போடுறது?"

என் பொறுமை அத்தோடு போய்விட்டது. "அன்ரி, உங்களோட பெரிய கரைச்சல். ரெண்டு பேருக்கும் ஒண்டு போடுங்கோ. ரெண்டு பேருக்கும் முதலிடம். ஒருத்தருக்கும் மனம் நோகாது. சரியோ?"

அன்ரியின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பிடிப் போடலாமே தம்பி?"

"ஏன் ஏலாது? ஊரில விருப்பு வாக்கு மூண்டு போடுறேல்லையே? மூண்டுக்கும் ஒரே பெறுமதிதானே?"

உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன். ஊரில் கட்சிக்கு ஒரு புள்ளடி, அதாவது பெருக்கல் குறி, பிறகு பிடித்த ஆட்களுக்கு மூன்று புள்ளடி, மூன்றும் சமம். இங்கே வந்து இருபத்திரண்டு வருஷமாக, வாசலில் யாராவது தரும் அட்டையைப் பார்த்துக் கொப்பியடித்து, போடாவிட்டால் விழும் அபராதத்துக்குப் பயந்து வாக்குப் போட்டு, வெளியே வந்து பாணில் சுற்றிய சொசேஜைத் தின்றதைத் தவிர எனக்கு இந்தத் தேர்தலைப் பற்றி எதுவும் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

அன்றிலிருந்து என் வேலை சுலபமாகிவிட்டது. வீட்டுக்குப் பத்து நிமிஷம் போதும். எல்லாருக்கும் சந்தோஷம். முதல் நான்கு நாள் போன வீடுகளுக்கும் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். "முதலே சொல்லியிருக்கலாமே நித்தி அண்ணை" என்றார் யோகேஸ்வரன். கமலினி பின்னேர வேலை முடித்து வந்து எப்படிப் போகிறது என்று கேட்டால், "எல்லாம் சரி வந்திட்டுது, நீர் யோசிக்காதையும்" என்பேன். அவளும் நம்பினாள்.

செப்டம்பரில் தேர்தல். பள்ளிக்கூட வாசலில் நானும் நாகராஜனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அட்டை கொடுத்தோம். எங்கள் சனம் இரண்டு பேரிடமும் அட்டையை வாங்கி, இரண்டு பேருக்கும் ஒரே அளவு சிரிப்பைத் தந்துவிட்டு உள்ளே போனது. வெளியே வரும்போது சிலர் எனக்குக் கண்ணைக் காட்டினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

ஆறு மணிக்குக் கதவை மூடினார்கள். எண்ணும்போது வேட்பாளர் சார்பில் ஆள் நின்று பார்க்கலாம். எங்கள் பக்கம் நான், அவர் பக்கம் நாகராஜன் தானே வந்திருந்தார். வாக்குச்சீட்டுகளைப் பிரித்து ஆளுக்கு ஒரு குவியலாக வைத்துக்கொண்டு போனார்கள். கமலினியின் குவியல் உயர உயர எனக்கு உற்சாகம். அப்போதுதான் மேசையின் ஓரத்தில் இன்னொரு குவியலைக் கண்டேன். மேலே கிடந்த சீட்டில் கமலினியின் பெயருக்கு எதிரே அழகாக 1.

"அது எங்கட வாக்கு. ஏன் அங்க வைக்கிறீங்கள்?" என்று ஆங்கிலத்தில் சத்தமாகவே கேட்டேன்.

அந்தப் பெண் அதிகாரி சீட்டை எடுத்துக் காட்டினாள். நாகராஜனின் பெயருக்கு எதிரேயும் 1. இரண்டு பேருக்கு 1 போட்டால் முதல் விருப்பம் யார் என்று தெரியாது, அதனால் அது செல்லாத வாக்கு என்று பொறுமையாகச் சொன்னாள். அடுத்த சீட்டைக் காட்டினாள். 1, 1. அடுத்தது. 1, 1. சில சீட்டுகளில் அளவெடுத்து எழுதிய மாதிரி இரண்டு 1-உம் ஒரே உயரம்.

ஐம்பத்தெட்டுச் சீட்டுகள். பிள்ளைகள் இருக்கிற குட்டிக் கதிரை ஒன்றில் போய் இருந்தேன்.

நாகராஜன் பக்கத்தில் வந்து குந்தினார். "யார் சார் இப்படிச் சொல்லிக் குடுத்திருப்பா? எனக்கு ஒண்ணு போட்டு மேடமுக்கு ரெண்டு போட்டிருந்தாக்கூட நான் வெளியே போனதும் அத்தனையும் மேடமுக்கு வந்திருக்குமே."

"எங்கட சனத்துக்கு மூளை இல்லை" என்றேன். "படிச்சுப் படிச்சுச் சொன்னனான்."

வெட்கம் கெட்ட பொய். அந்தப் பொய்யை வீட்டுக்கும் கொண்டுபோனேன். முழு முடிவு வர இரண்டரைக் கிழமை ஆகும் என்றார்கள். அந்த இரண்டரைக் கிழமையும் நான் யோகேஸ்வரனைத் திட்டினேன், எங்கள் சனம் முழுவதையும் திட்டினேன், சாப்பிடும்போது திட்டினேன், கார் ஓடும்போது திட்டினேன். சத்தமாகத் திட்டினால் உள்ளே இருப்பது வெளியே கேட்காது என்று நினைத்தேனோ என்னவோ.

கமலினி என்னோடு சேர்ந்து திட்டவில்லை. "ஐம்பத்தெட்டுப் பேர் தாங்களா ஒரே பிழையை விடமாட்டினம். ஆரோ சொல்லியிருக்கினம்" என்றாள். இரண்டு நாள் கழித்து, "நாகராஜன்தான் சொல்லியிருப்பார். வேற ஆர்? நல்லவர் எண்டு நம்பினன்" என்றாள். அவர் தொலைபேசியில் கூப்பிட்டால் அவள் எடுக்கவில்லை. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பிழையாகச் சொல்லிக் கொடுத்தது அறியாமை. ஆனால் ஒரு நல்ல மனுசன் தலையில் அந்தப் பழி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு சோறு தின்றேனே, அது அயோக்கியத்தனம்.

முடிவு வந்தது. மூன்றாவது இடம் வீட்டுப் புரோக்கருக்கு. வித்தியாசம் முப்பத்தொரு வாக்கு. கமலினி அழவில்லை. கணினியை மூடிவிட்டு யூனிஃபோர்மை அயர்ன் பண்ணப் போனாள்.

அடுத்த வியாழன் முதியோர் ஒன்றுகூடலுக்குப் போய் எல்லாருக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்றாள். எனக்கு அன்றைக்கு வேலை இல்லை, நான்தான் கார் ஓடினேன். மண்டபத்துப் பக்கம் இடம் கிடைக்காமல் எதிரே பஸ் நிறுத்தத்துக்குக் கிட்ட நிறுத்தினேன். இறங்கும்போது பஸ் வந்து நின்றது. ரஞ்சினி அன்ரி வோக்கரோடு இறங்கினார். கமலினியைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன பிள்ளை இப்பிடி நடந்திட்டுது? நாங்கள் எல்லாரும் சரியாத்தானே போட்டனாங்கள். தம்பி வந்து சொன்ன மாதிரியே, உனக்கும் ஒண்டு, நாகராஜனுக்கும் ஒண்டு. ரெண்டு பேருக்கும் முதலிடம். ஒருத்தருக்கும் மனம் நோகக்கூடாது எண்டு தம்பிதானே சொன்னவர்."

கமலினி என் பக்கம் திரும்பினாள். நான் பஸ் நேர அட்டவணையைப் பார்த்தேன்.

"எத்தினை வீட்டில சொன்னனீங்கள்?"

"கொஞ்சம்."

"எத்தினை?"

"போன வீடு முழுக்க" என்றேன். "போனிலயும்."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பியிருப்பேன். அவள் கைப்பையைத் திறந்து தொலைபேசியை எடுத்தாள். அந்த இடத்திலேயே நின்று நாகராஜனுக்கு அடித்தாள். "அண்ணா, நான் உங்களைப் பிழையா நினைச்சுப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. சொன்னது என்ர மனுசன்" என்றாள். அவர் என்ன சொன்னாரோ தெரியாது. கேட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். மூன்று வருஷத்துக் கடிதமும் அலைச்சலும் அந்தக் கண்ணீரில் இருந்தது. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது போல் இருந்தது.

தொலைபேசியை வைத்தாள். "வியாழக்கிழமையில லீவு போடுங்கோ" என்றாள்.

"எந்த வியாழன்?"

"எல்லா வியாழனும். பஸ் வாற நேரம் நீங்கள் இதில நிக்க வேணும். இறங்குற ஒவ்வொருத்தரையும் கையில பிடிச்சு அங்கால கொண்டுபோய் விடவேணும். ஒன்றுகூடல் முடிய, திருப்பிக் கொண்டுவரவேணும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"அடுத்த தேர்தல் வரைக்கும். நாலு வருஷம்."

வெயார்ஹவுஸில் என்ன சொல்லி வாராவாரம் லீவு கேட்பது என்று வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன். "ஓம்" என்றேன்.

அன்ரிக்கு எங்களுக்குள் என்ன நடந்தது என்று விளங்கவில்லை. ஆனால் ஒரு ஆள் துணை கிடைத்தது என்பது விளங்கியது. ஒரு கையால் வோக்கரைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை என்னிடம் நீட்டினார். வலப்பக்கம் லொறி ஒன்று, அதன் பின்னால் இரண்டு கார், இடப்பக்கம் வளைவில் என்ன வருகிறது என்றே தெரியவில்லை. இடைவெளி வந்ததும் இறங்கினோம். நடு ரோட்டுக்கு வந்தபோது வளைவிலிருந்து ஒரு வான் திரும்பியது. அன்ரியின் விரல்கள் என் கையை இறுக்கின. தோள்மூட்டுவரை நடுங்கிக்கொண்டிருந்தார். மூன்று வருஷமாக இந்த ரோட்டைப் பற்றி ஊர் முழுக்கப் பேசித் திரிந்திருக்கிறேன். இதை அவரோடு சேர்ந்து கடந்தது அதுதான் முதல் தடவை.